தகரம் என்று சொன்னவனுக்கு

பெக்கான் நானாஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

பெர்த் நகரில், மகள் வீட்டில், நலமாக இருந்தே தீர வேண்டிய சபாபதிக்கு, உன் பழைய பாட்டுக்குழுவின் கிட்டார்காரன் தங்கராஜு எழுதுவது.

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சில எழுத்து மேலே ஏறும், சில எழுத்து கீழே இறங்கும். 'ழ' வரும் இடத்தில் பேனா நின்று மூச்சு வாங்கும். பொறுமையாகப் படி. உனக்கு இப்போது வேறு வேலை இல்லை என்று கேள்விப்பட்டேன்.

இது என் கையால் நான் எழுதும் முதல் கடிதம். என் வீட்டுக்காரி செல்லம்தான் கற்றுக்கொடுத்தாள். சாப்பிட்டு முடித்த மேசையைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள். தப்பாக எழுதினால் கரண்டியால் விரலில் ஒரு தட்டு. நியாயமாக முதல் கடிதம் அவளுக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அவள் அடுப்படியில் இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள். கூப்பிட்டும் வராதவன் நீதான்.

இந்த வயதில் படிப்பு எதற்கு என்று கோயிலில் எல்லாரும் கேட்டார்கள். அறிவிப்புப் பலகையைப் படிக்க என்று சொல்லி வைத்தேன். அது பொய். உனக்கு எழுதத்தான் படித்தேன். பழி வாங்கும் கடிதத்தை இன்னொருவரிடம் சொல்லி எழுத வைக்க முடியாது. செல்லத்திடம் சொன்னால் சூடான வார்த்தைகளை எல்லாம் எடுத்துவிட்டு 'அன்புள்ள' என்று சேர்த்துவிடுவாள். இப்போதும் 'அன்புள்ள' போடச் சொன்னாள். போட மாட்டேன் என்றுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தீபாவளி முடிந்து நானும் நம் டிரம் கனகராஜும் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். பழைய கல்யாணக் கச்சேரிகளைப் பற்றிப் பேச்சு. அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொல்கிறான்: 'அலமாக், உனக்கு இன்னுமா தெரியாது? யோங் பெங் கல்யாணத்துல இருந்து உன் மைக்கு ஆஃப்தாண்டா. சபாபதிதான் சவுண்டுக்காரன்கிட்ட சொல்லி மூட வச்சான். எங்க எல்லாருக்கும் தெரியும்லா.'

நான் கோப்பியைத் தள்ளி வைத்தேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் கோபம் ஒழுங்காக வருகிறது. என் சின்ன ஆம்ப்ளிஃபையர் மேடையில் என் காலடியில் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு மைக். அந்த மைக் வழியாகத்தான் கிட்டார் பெரிய ஸ்பீக்கருக்குப் போய் மண்டபம் முழுக்கக் கேட்க வேண்டும். நீ அந்த மைக்கை மூடிவிட்டாய். காலடியில் இருந்த பெட்டி எனக்கு மட்டும் கேட்டது. நான் வாசித்தேன், தலையாட்டினேன், சிரித்தேன், பாட்டு முடிந்ததும் குனிந்து கும்பிட்டேன். மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. யோங் பெங்கில் பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்து, 'கிட்டார் ரொம்ப நல்லாருந்துச்சுங்க' என்றார். பாவம், நல்ல மனிதர். அவர் எதைக் கேட்டார்?

அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா! எல்லாவற்றிலும் நான் ஊமைக் கிட்டார் வாசித்திருக்கிறேன். காரணம் என்ன என்று கனகராஜைக் கேட்டேன். 'தகரத்த தட்டுற மாதிரி இருக்குன்னு சொன்னான்' என்றான். என்னிடம் சொல்லியிருக்கலாமே, சபாபதி. முகத்துக்கு நேராகத் திட்டியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்போம். நீ தோளில் தட்டி, 'சூப்பர்டா தங்கம்' என்றாய்.

விமானம் ஏறி வந்து உன்னை ஓர் அறை அறையலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். செல்லம், 'நீங்க அடிச்சா ரெண்டு பேரும் சேந்து விழுவீங்க, யாரு தூக்குறது?' என்றாள். அதனால் வேறு மாதிரி முடிவு செய்தேன். அதே பெட்டியை எடுப்பேன். அதைத் தகரம் என்று யாருமே சொல்ல முடியாதபடி ஆக்குவேன். பிறகு உன்னை அதன் முன்னால் உட்கார வைப்பேன். புதுப் பெட்டி வாங்கினால் அது பழி ஆகாது.

பின்பக்கப் பலகையைக் கழற்றினால் உள்ளே வால்வுகள், சின்னச் சின்னக் கண்ணாடி விளக்கு மாதிரி. பொந்தியானில் பழைய ரேடியோ பழுது பார்க்கும் சீனர் ஒருவர் இருக்கிறார். கை வைப்பதற்கு முன்னால் அவரிடம்தான் கேட்டேன். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் ஒளிந்திருக்கும், 'ஹாத்தி-ஹாத்தி', ஜாக்கிரதை என்று பயமுறுத்தினார். பிறகு அவரே செய்து காட்டினார். முதல் வால்வுதான் கிட்டாரின் சின்னச் சத்தத்தைப் பெரிதாக்குகிறது. என் பெட்டியில் இருந்தது ரொம்ப ஆவேசமான ஆள். மெதுவாகத் தொட்டாலே கத்தும். நீ சொன்ன தகரம் அங்கேதான் இருந்தது. ஆக, உன் காது சரி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று உனக்குத் தெரியாது.

பழைய ரேடியோகிராமில் இருந்து ஒரு வால்வைக் கழற்றிப் போட்டேன். சத்தம் கனிந்தது. ஆனால் அதற்கு ஒரு வியாதி. செல்லம் சட்டிக்கு மூடி போட்டால் பெட்டிக்குள் 'டிங்' என்று மணி அடிக்கும். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினாலும் 'டிங்'. வால்வு காது கொடுத்துக் கேட்கிறதாம், கிழடானால் அப்படித்தானாம். செல்லம் வேண்டுமென்றே இரண்டு நாள் மூடியைப் போட்டுப் போட்டு விளையாடினாள். அதையும் கழற்றினேன். மூன்றாவதாக, பலம் குறைந்த வால்வு ஒன்று கிடைத்தது. அது அமைதியான ஆள். அவன் வந்த பிறகு ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, அவசரப்படாமல் பேசியது.

இன்னும் ஏதோ குறைந்தது. ஸ்பீக்கர். எட்டு அங்குலம், உள்ளங்கை அகலக் காந்தம், கீச்சுக் குரல். அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

கனகராஜ் வீட்டுக் கொட்டகையில் உன் நெட்டைப் பெட்டி இன்னும் நிற்கிறது. நீ பாடப் பாட உன் குரல் வெளியே வந்ததே, அதே பெட்டி. உள்ளே நான்கு ஸ்பீக்கர். மூன்றின் காகிதத்தைக் கரப்பான் தின்றுவிட்டது. ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பத்து அங்குலம். என் பெட்டியின் ஓட்டை போதவில்லை, ரம்பம் எடுத்து அறுத்துப் பெரிதாக்கினேன். 'என் வாயை மூடினவன் தொண்டையைக் கழட்டி எனக்கு வச்சுக்கிட்டேன்' என்று கனகராஜிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. உன் பேத்தி ஷர்மினி வந்து போன பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

உன் பாட்டைச் சுமந்து சுமந்து அந்தக் காகிதம் நன்றாக இளகியிருக்கிறது. ஒயரைச் சேர்த்து முதல் தடவை வாசித்தபோது செல்லம் அடுப்படியில் இருந்து வந்தாள். சுவரோரம் போய் மின்விசிறியை நிறுத்தினாள். இந்த வெயிலில், சபாபதி! நின்றபடியே முழுவதும் கேட்டாள். பிறகு, 'இன்னொரு தடவ வாசிங்க' என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னதே இல்லை.

அதைத்தான் கனகராஜின் கைபேசியில் பதிந்து உனக்கு அனுப்பினோம். உன் பதில் வந்தது. கனகராஜ் படிக்கப் போனான். கொடுடா என்று பிடுங்கி நானே எழுத்துக் கூட்டினேன். 'இன்னும் தகரம்தாண்டா' என்று இருந்தது. யார் உதவியும் இல்லாமல் நான் முதன்முதலாகப் படித்தது அதுதான். படித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் சத்தம் போட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. மடையா, கைபேசி ஸ்பீக்கர் பட்டன் அளவு இருக்கிறது. அதில் கோயில் மணியும் தகரம்தான்.

நீ எப்போதும் குரலில்தான் செய்தி அனுப்புவாய். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாய். இந்தத் தடவை ஏன் எழுத்தில் அனுப்பினாய் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

போன வாரம் உன் பேத்தி ஷர்மினி பாசிர் கூடாங்கில் வேலை முடிந்து, கம்பெனிச் சட்டையோடு நேராக இங்கே வந்தாள். பத்திரிகை வைத்தாள். அவள் கல்யாணத்தில் நான் வாசிக்க வேண்டுமாம். ஜாடையில் உன் அம்மாதான், பேச்சில் நல்லவேளை உன்னைப் போல் இல்லை. தாத்தா வருகிறாரா என்று கேட்டேன். 'வரமாட்டாராம் தாத்தா. தொண்டையில ஆபரேஷன் ஆனதுல இருந்து ரூம விட்டே வர்றதில்ல. டாக்டர் பிளைட்ல போலாம்னு சொல்லிட்டாரு. இவருதான் இப்ப பேசினா வர்ற அந்தச் சத்தத்த யாரும் கேக்க வேணாங்கிறாரு' என்றாள். கழுத்தில் கை வைத்துக் காட்டினாள். செல்லம் அவளுக்குத் தேநீர் கலக்க உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

உனக்கு ஆறுதல் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். டாக்டர் காதை வெட்டினாரா? இல்லையே. எனக்கு உன் காது போதும். நீ வாயைத் திறக்க வேண்டாம், யாருக்கும் வணக்கம் கூடச் சொல்ல வேண்டாம். வருகிறவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், இவன் என் ஆள், பேச விடமாட்டேன் என்று. நீ பாடினாய், நாங்கள் எல்லாரும் கேட்டோம். இப்போது நீ உட்கார்ந்து கேள். இதைவிடப் பெரிய தண்டனை உனக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

முன்வரிசையில் ஒரு நாற்காலிக்குச் சொல்லி வைத்துவிட்டேன். மைக் கிடையாது. மூடச் சொல்ல சவுண்டுக்காரனும் கிடையாது. பெட்டியை உன் முழங்காலுக்கு எதிரில் வைப்பேன். நீ பாடுகிற பாட்டில் ஒன்றைத்தான் வாசிப்பேன். எது என்று சொல்ல மாட்டேன். கேட்டு முடித்த பிறகும் தகரம் என்று தோன்றினால் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டு. எனக்கு இப்போது படிக்கத் தெரியும்.

மருந்தை வேளைக்குக் குடி. மகள் கஞ்சி கொடுத்தால் தட்டைத் தள்ளாதே. குளிர் ஊரில் கழுத்தில் துணி சுற்றிக்கொள். பெக்கான் நானாஸ் முருகன் உன்னைத் திடமாக வைத்திருக்கட்டும். படுத்துக் கிடப்பவனைப் பழி வாங்கி எனக்கு என்ன சந்தோஷம்?

திட்ட நினைத்ததில் பாதிகூட எழுதி முடியவில்லை, அதற்குள் கை வலிக்கிறது. மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன். படிக்க நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை விடுவதாக இல்லாத
தங்கராஜு