உட்கார வைத்துப் புதைக்கப்பட்ட மாப்பிள்ளைக்கு

என் அன்பு மாப்பிள்ளை பழனியாண்டிக்கு,

உன்னை எல்லாரும் ‘சாமி’ என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. ஒரே கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்கள் நாம். என் தங்கை செல்லம்மாவைக் கட்டியவன் நீ. மாப்பிள்ளை என்றே கூப்பிடுகிறேன்.

உன் சமாதிக்குத் தகரக் கொட்டகை போட்டாயிற்று. கூலாய் டவுனிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். உன் தலைமேல் டின்பாலை ஊற்றுகிறார்கள், அதை யாரும் கழுவுவதில்லை. ஈயும் எறும்பும் மொய்த்துக் கிடக்கிறது. போன வாரம் கோழி அறுத்துக் கள்ளும் படைத்தார்கள். கள்ளையும் கறியையும் விட்டொழித்த உனக்கு!

இதையெல்லாம் நடத்துகிறவர் யார் என்று நினைக்கிறாய்? நம்ம கங்காணிதான். நீ ரப்பர்ப் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, லயத்து வீடுகளுக்குப் பின்னால் பலாமரத்தடியில் சாக்கை விரித்து ஆசனம் போட்டபோது, “குரங்கு வித்தை காட்றான் பாரு” என்று சிரித்தாரே, அதே ஆள். இப்போது நெற்றி நிறையத் திருநீறு. சீ!

நீ என்ன பெரிதாகச் செய்தாய்? கித்தா மரத்தில் பால் சீவ, அடிவெட்டுக்குக் குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று. ஊரில் கற்ற நாலு ஆசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் விடாமல் செய்து அதை நிமிர்த்தினாய். “முதுகு நம்மளுது மச்சான், தொரையோடதா? நாமதான் பாத்துக்கணும்” என்பாய். சோற்றுப் பானையைத் தூக்கி எறிகிற கோபக்காரன், மெல்ல மெல்ல அடங்கினாய். அதற்கு எந்தச் சாமியும் இறங்கவில்லை. தினமும் உட்கார்ந்தாய், அவ்வளவுதான்.

கடைசியில் காய்ச்சல் கண்டபோது, படுத்தால் இருமுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டாய். கங்காணிக்கு அது போதாதா? “உக்காந்தே போயிட்டாருய்யா! இது சாவு இல்ல, சமாதி. சித்தருங்கள எரிக்கக் கூடாது, உக்கார வச்சுத்தான் எறக்கணும்” என்றார். சரிவில் பால்வாளியோடு விழுந்ததிலிருந்து உன் இடது முழங்கால் மடங்காது என்று கத்தினேன். உயிரோடு இருந்தபோதே உன்னால் பத்மாசனம் போட முடிந்ததில்லையே! யார் கேட்டார்கள்? விறைத்த காலை நாலு பேர் சேர்ந்து அழுத்தினார்கள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டு நான் கால்வாய் ஓரம் ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். “சாமி கால மடக்கிட்டாரு” என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

இத்தனை பேர் உன்னை விழுந்து கும்பிடுகிறார்களே, ஒருவராவது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பார்த்தார்களா? கும்பிடுவது சுலபம் என்றுதானே கும்பிடுகிறார்கள்?

செல்லம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் எதற்கு? அவளுக்கு மூச்சிழுப்பு திரும்பி வந்துவிட்டது. உன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுப் பழகிய பிறகு எவ்வளவு தணிந்திருந்தது! லயத்து அறைக்குள் செய்யலாம் என்றால் பக்கத்து அடுப்புப் புகையெல்லாம் உள்ளேதான் வருகிறது. மரத்தடிக்குப் போனவளைக் கங்காணி மறித்தார். “தாலியறுத்தவ சாமி இருந்த எடத்துல உக்காரலாமா? தீட்டுப் பட்டுரும். போ, போ.” என் தங்கை சாக்கைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

நேற்று கித்தாக் காட்டில் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு ஒரு வேரில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு கறுத்துப் போயிருந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். பேச்சு வர வெகு நேரம் ஆயிற்று.

“எல்லாருக்கும் அவரு சாமி ஆயிட்டாரு அண்ணே. எனக்கு ஒரு சாக்கு விரிக்க எடமில்ல.”

எனக்கு அழுகை வரவில்லை, மாப்பிள்ளை. அருவருப்புத்தான் வந்தது. இந்த மழைக்காலத்தை அவள் தாண்டுவாளா என்று பயமாகவும் இருக்கிறது.

ஆகவே சொல்லிவிடுகிறேன். நாளைக்குப் பால் நிறுத்து முடிந்ததும் மரத்தடியில் சாக்கை விரிக்கப் போகிறேன். அவளை உட்கார வைத்து, இந்தத் தொந்தியோடு நானும் பக்கத்தில் உட்காருவேன். கங்காணி வரட்டும், கூட்டத்தைக் கூட்டிக்கொண்டே வரட்டும். அவள் மூச்சு சீராகிற வரைக்கும் நாங்கள் எழுந்திருக்கப் போவதில்லை. மறுநாளும் வருவோம். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

நீ ஒன்று மட்டும் செய். அற்புதம் கிற்புதம் எதுவும் காட்டிவிடாதே. அவளுக்குக் குணமானால் அதையும் ‘சாமி கொடுத்த வரம்’ என்று கற்பூரம் ஏற்றிவிடுவார்கள். அது என் தங்கை தானே இழுத்து, தானே விட்ட மூச்சாக இருக்கட்டும்.

உன்னைச் சாமி என்று ஒருநாளும் கூப்பிடாத,
உன் மச்சான்,
செல்லம்மாவின் அண்ணன்.