தம்பி வாங்கிய பேட்டரி கார்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும்.

போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம். தம்பி பேட்டரி கார் வாங்கிய அன்று அவன் ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேர் பார்க்க வந்து, புகை விடாத வண்டி, உலகத்துக்கே நல்லது என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே அப்பா, "இவனாவது உலகத்தைக் காப்பாத்தறதாவது. எதிர்வீட்டு டாக்டர் வாங்கிட்டாரு, இவனுக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டார். போக்குவரத்து போலீஸாக முப்பது வருடம் நின்றவர், வண்டியைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன் என்கிற நினைப்பு அவருக்கு, உனக்குத் தெரியுமே. நீயும் போனில் எல்லாம் பந்தா என்று சிரித்தாய். எனக்கும் மனதில் அதேதான் ஓடியது, பொய் சொல்லுவானேன். தம்பி முகம் சுண்டிப்போனது. அதிலிருந்து ஒன்றரை மாதம் அப்பாவும் பிள்ளையும் பேசவில்லை, இவர் சொல்வதை அவனிடமும் அவன் சொல்வதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தே நான் ஓய்ந்துபோனேன். ரோட்டுப் புகையில் நின்று வந்த நெஞ்சிரைப்புக்கு ஆஸ்பத்திரி போவதற்குக்கூட அப்பா வாடகை வண்டிதான் பிடித்தார்.

போன வாரம் துணி மடித்துக்கொண்டே தம்பியிடம் கேட்டேன், உண்மையைச் சொல்லுடா, எதுக்கு வாங்கினே என்று. "நாலு பேரு பாக்கணும்னும் இருந்துச்சும்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா அப்பா நின்ன எடத்துல இப்ப வேற ஒருத்தர் நிக்கிறாரு. சிக்னல்ல என் பழைய வண்டிப் புகை நேரா அவரு மூஞ்சிலதான் போகும். தெனம் அதப் பாத்துட்டுப் போக முடியல" என்றான். அப்பாவிடம் போய் அப்படியே சொன்னேன். அந்த ஆள் மூக்குக்குத் துணி ஏதும் கட்டியிருக்கிறானாமா என்று மட்டும் கேட்டார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குத் தம்பி காரில் போனோம். அப்பா தானாகவே முன்சீட்டில் ஏறினார், நான் பின்னால் உட்கார்ந்தேன். அப்பா முன்பு நின்ற அந்தச் சந்திப்பில் இப்போதைய போலீஸ்காரரைக் கண்டதும், "கொஞ்சம் தள்ளி நிறுத்துடா, அவன் காலு மேல ஏத்திடாத" என்றார். சரிப்பா என்றான் தம்பி. அவ்வளவுதான்.

ஒருவர் செய்கிற நல்லதில் எத்தனை பங்கு அவருக்காக, எத்தனை பங்கு ஊருக்காக என்று சலித்துப் பார்க்க எனக்கு இனி தெம்பில்லை பாப்பா. இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு மறக்காமல் போன் பண்ணு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவன் கூச்சப்படுவான். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேள், அவன் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லுவான், நீ கேட்டுக்கொண்டே இரு.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு மனம் நிறைந்து வாழவேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா