திருத்த ஒன்றுமில்லாத கடிதம்

மார்ச் 4

தரை பார்த்து நடக்கும் மகாராணிக்கு,

மூவுலகும் அஞ்சும் உன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் வேலை போய்விடுமோ என்று உன் அம்மா அழுத அழுகையில் வீட்டுக்குள் ஓடம் விடலாம். கவலையை விடு. மருந்துக் கிடங்கில் உன்னைப் பாடாய்ப் படுத்தும் அந்த மேற்பார்வையாளருக்கு நேற்றே கடிதம் போட்டுவிட்டேன். படித்தால் மலையே கரைந்து ஓடும்! "எங்க பொண்ணு குழந்தை மாதிரி சார், இனிமே உங்க முகத்தைப் பார்த்தே கேட்டுக்குவா, மன்னிச்சிடுங்க" என்று உருகியிருக்கிறேன். இனி முகம் பார்த்தே கேட்பேன் என்று அவர் நீட்டும் உறுதிமொழித் தாளில் நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். பத்தாயிரம் தடவை எழுதிவிட்டேன், ஒரு தடவையாவது மாமா பேச்சைக் கேள்.

உன் மாமா, மகா சமர்த்தன்

மார்ச் 11

மாமாவுக்கு,

முதலில் திருத்தங்கள். அம்மா அழுதது ஒரு முறை, அவளே எழுதியிருக்கிறாள். தரை நனையவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி நீங்கள் எழுதியது மூன்று தடவை. வழக்கமாக இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுவேன். இன்று சிரிக்கவில்லை.

மேற்பார்வையாளர் உங்கள் கடிதத்தைக் காலைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். 'குழந்தை' வந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முப்பத்தொரு வயது.

முகத்தைப் பார்த்தால் எனக்கு அவர் மீசை அசைவதுதான் தெரிகிறது, சொல் காதில் ஏறுவதில்லை. அப்படிப் பார்த்த ஒரே நாளில்தான் ஊசி கேட்ட ஆஸ்பத்திரிக்குப் பஞ்சு போனது. தரையைப் பார்த்துக் கேட்ட நான்கு வருடத்தில் ஒரு பெட்டிகூட மாறவில்லை. "சீட்டுல எழுதிக் குடுங்க சார். இல்லன்னா நான் எங்க பாக்கறேன்னு பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன். பதினெட்டாம் தேதி மேலாளர் விசாரிக்கிறார்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது இதையெல்லாம் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு சொல்லும் உங்கள் காதில் ஏறவில்லை.

உங்கள் அக்கா மகள்

மார்ச் 14

அன்புள்ள மருமகளுக்கு,

மேற்பார்வையாளருக்கு இன்று வேறு கடிதம் அனுப்பினேன். மேலாளருக்கும் ஒன்று. இரண்டிலும் இருப்பது அதே ஐந்து வரி:

முதல் கடிதத்தை அவளைக் கேட்காமல் எழுதினேன். அவள் குழந்தை இல்லை. அவளுக்காக மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அதைத் திரும்பப் பெறுகிறேன். இதையும் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.

கையெழுத்துப் போடாதே.

மாமா

மார்ச் 22

மாமாவுக்கு,

எண்ணிப் பார்த்தேன், ஐந்து வரி சரி.

மேலாளர் இன்னும் முடிவு சொல்லவில்லை. மேற்பார்வையாளர் உங்கள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதனால் காலைக் கூட்டத்தில் நானே எழுந்து ஐந்து வரியையும் சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டு, உரக்க. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் இருமினார்.

வேலை போனாலும் அந்தத் தாளில் என் பெயர் இருக்காது.

உங்கள் கடிதத்தில் திருத்த ஏதாவது இருக்கிறதா என்று நான்கு தடவை தேடினேன். இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை. இனி வழக்கம்போல் புளுகவும். ஓரத்தில் நிறைய இடம் விட்டு எழுதவும்.

தரை பார்த்து நடக்கும் மகாராணி