தீப்பெட்டிக்குள் அண்ணன் தலைமுடி

3.6.2002, திங்கள்

காத்து. வாயைத் திறந்தா புழுதி. பிளஸ் டூ ஆரம்பம், கெமிஸ்ட்ரி நோட் இன்னும் வாங்கலை.

பெரிய செய்தி: சரவணண்ணன் திருநெல்வேலியில தோல் டாக்டரைப் பார்த்துட்டு வந்தாச்சு. வயசு 27, தீப்பெட்டி ஆபீஸ் சூப்பர்வைசர், நெத்தி மட்டும் உச்சியைப் பார்த்து நடைப்பயணம். அம்மாட்ட சொன்னதை ஒட்டுக்கேட்டேன். ஆம்பளை ஹார்மோன் ஒண்ணு முடி வேரைச் சுருக்குதாம். பரம்பரை. அதுக்கு மாத்திரை உண்டு, ஆனா மாசக்கணக்கா விடாம முழுங்கணும், சிலருக்கு ஒத்துக்காது. அதனால முதல்ல ரத்த டெஸ்ட். அப்புறம் ஒரு வாரம் காலையில கொட்டுற முடியைச் சேர்த்து, எண்ணிக் கொண்டு போகணும்.

அவனா முழுங்குறது தனி: கருவேப்பிலைச் சாறு, எள்ளுருண்டை, முட்டை வெள்ளை 4, ஜிங்க், பயோட்டின், ஏதோ புரோட்டீன் டப்பா. இத்தனையும் 16ஆம் தேதிக்காக. விளாத்திகுளத்துப் பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீடு பார்க்க வாராங்க. பொண்ணு பேரு ஜெயந்தி, நர்சரி ஸ்கூல் டீச்சர். போட்டோ அண்ணன் சட்டைப் பையிலேயே குடியிருக்கு.

4.6, செவ்வாய்

தலையணை, சீப்பு, குளியலறை ஜல்லடை. மூணு இடத்துலயும் அண்ணன் ரெய்டு. 62 முடி. காலித் தீப்பெட்டியில போட்டு, மேல 'செவ்வாய்'னு சீட்டு. தினம் ஒரு பெட்டி. குச்சி எண்ணிப் பழகின ஆளு, கணக்கு தப்பாது.

தப்ப வைக்கணும். ஐடியா வந்துட்டு!!

6.6, வியாழன்

அவன் பல்தேய்க்கப் போன நேரம் பார்த்து என் சடை நுனியில விரல்நீளம் வெட்டித் தலையணையில தூவல். நேத்து 58, இன்னைக்கு 104. முகம் போன போக்கு! அடக்க முடியாம கொல்லைப்பக்கம் ஓடிப் போய்ச் சிரிச்சேன்.

7.6, வெள்ளி

131. அம்மா பயந்துட்டா. காலையில முருங்கைக்கீரை, ராத்திரி முருங்கைக்கீரை, வீட்டுல எல்லாருக்கும். முடி அவனுக்கு, தண்டனை எனக்கு.

8.6, சனி

140. இன்னைக்குச் சிரிப்பு வரலை.

அடுப்படியில அம்மாட்ட மெதுவா பேசுதான். "அவியள வர வேண்டாம்னு சொல்லிருங்கம்மா. கல்யாணத்துக்குள்ள மொட்டையாயிருவேன் போல. தெரிஞ்சே ஒரு புள்ளைய ஏமாத்தக் கூடாது."

சாயங்காலம் தரகர் வந்து போட்டோவைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டார். அண்ணன் வெறும் பையைத் தடவிக்கிட்டே இருந்தான். சொல்லிரலாம்னு ரெண்டு தடவை பக்கத்துல போனேன். ரெண்டு தடவையும் "தண்ணி வேணுமாண்ணே"னு கேட்டுட்டு வந்துட்டேன். கோழை.

நாளையில இருந்து தூவல் கிடையாது.

11.6, செவ்வாய்

அண்ணன் டாக்டர்ட்டப் போறதுக்குள்ள சொல்லிரணும்னு விடியக்காலம் எந்திரிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருநெல்வேலி பஸ் கயத்தாறு ரோட்டுல போயாச்சு, அண்ணனோட, ஏழு தீப்பெட்டியோட. நாள் பூரா வகுப்புல ஒரு எழுத்து ஏறலை.

சாயங்காலம் வந்தான். பையை இறக்கலை, செருப்பைக் கழட்டலை.

"தானா கொட்டுன முடிக்கு நுனியில வெள்ளையா வேர் இருக்குமாம். டாக்டர் லென்ஸ் வச்சுப் பார்த்தாரு. மூணு பெட்டியில பாதிக்கு வேரே இல்ல. ஏட்டி, கத்திரிக்கோல் எங்க?"

எல்லாத்தையும் சொன்னேன். அழுதேன். அடிக்கலை. அடிச்சிருந்தா தேவலை.

டாக்டர் கணக்கு: ரத்தத்துல இரும்புச்சத்து கம்மி, அதுக்கு மட்டும் மாத்திரை. ஜிங்க், பயோட்டின், டப்பா எதுவும் வேண்டாம். கீரை, முட்டை, பயறு போதும். ஹார்மோன் மாத்திரையை மூணு மாசம் கழிச்சுப் பேசிக்கிடலாம். ஏறுன நெத்தி இரும்பு தின்னா இறங்காதுன்னும் சொல்லிட்டாராம்.

12.6, புதன்

வீடு பார்த்து முடியாம மாப்பிள்ளை பொண்ணுகிட்டப் பேசக் கூடாது. நாத்தனார் பேசலாம். கையைப் பிடிச்சு எஸ்.டி.டி. பூத்துக்குள்ள தள்ளி, "செஞ்சவளே சொல்லு"ன்னுட்டான். அவன் வெளிய, கண்ணாடிக் கதவை ஒட்டி.

ஜெயந்தி அக்காவே எடுத்தாங்க. மூச்சு விடாம ஒப்பிச்சேன். சடை, கத்திரி, தீப்பெட்டி, லென்ஸ். நெத்தி நெசமாவே ஏறியிருக்கு, அதுல என் வேலை இல்லைங்கிறதையும் சொல்லிட்டேன். மீட்டர் மட்டும் ஓடுது.

அப்புறம் கேட்டாங்க, நெசக் கணக்கு எவ்வளவுன்னு. தினம் அறுபது முடி பக்கம்னேன்.

"என் சீப்புல அதைவிட ஜாஸ்தி வருது. எண்ணுறதை நிறுத்தச் சொல்லு உங்கண்ணனை. ஞாயித்துக்கிழமை வாரோம்."

ரிசீவரை வச்சேன். வெளிய அண்ணன் உதட்டை மட்டும் அசைச்சு 'என்ன? என்ன?'ங்கான். மூஞ்சியை உம்முனு வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்னேன். ஒரே ஒரு நிமிஷம்தான்.