ஜன்னலோரத் தட்டு

டிசம்பர் 9, செவ்வாய். ஊட்டி.

இன்று காலை, நீண்ட யோசனைக்குப் பின், ஒரு வரலாற்று முடிவெடுத்தேன்: ஆய்வகத்தில் இரண்டு தட்டுகளையும் இடம் மாற்றி வைத்தேன்.

ஒன்றில் ஒரு மரபணுவை முடக்கிய வரிக்குதிரை மீன் கருக்கள்; மற்றதில் சாதாரணக் கருக்கள். வால் நுனியை நறுக்கினால் சாதாரணக் கருவில் வெள்ளையணுக்கள் காயத்துக்கு ஓடும். முடக்கியதில் ஓடாது. ஆகவே அவற்றை ஓடவைப்பது அந்த மரபணுதான் என்று ஆய்வேடு முழுக்க நிரூபித்திருக்கிறேன். குழப்பம் வரக்கூடாதென்று முடக்கியதை எப்போதும் ஜன்னலோரமும் மற்றதை ஹீட்டர் பக்கமும் வைப்பேன்.

தொட்டி கழுவும் செல்வியக்கா நேற்றுக் கேட்டார்: "ஏனுங்க, நமக்கே கை விறைக்குதுங்க. ஜன்னலோரத்துப் பொடிசுக மட்டும் ஓடியாடுமுங்களா?"

சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

இன்று மாலை இரண்டிலும் வால் நுனியை நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தேன். ஹீட்டர் பக்கம் வந்த முடக்கிய கருக்களில் வெள்ளையணுக்கள் காயத்தை மொய்த்துக்கொண்டிருந்தன. ஜன்னலோரத்துச் சாதாரணக் கருக்களில் ஒன்றும் அசையவில்லை. மூன்று முறை பார்த்தேன். பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை சொன்னால்... இல்லை, ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு...

குன்னூரிலிருந்து பைண்டிங் கடைக்காரர் போன் செய்தார். ஐந்து பிரதிகளும் தயார்.