அப்பாவின் திவசமும் ஐந்து நாட்டுப் பேராசிரியர்களும்

மே 6, 2025. செவ்வாய்.
தங்கை பத்மாசினி வைத்த குழம்பில் உப்பில்லை. சொன்னேன். "உப்புக் கூடாதெண்டு டொக்டர் சொன்னது உங்களுக்குத்தானே அண்ணை" என்றாள். டொக்டரும் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தானே, வேறென்ன வரும்?
நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மிச்சமெல்லாம் நானே படித்தது. அட்டை இல்லையென்று பல்கலைக்கழக நூலக வாசலில் வைத்து என்னைத் திருப்பி அனுப்பியதை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.

மே 9. வெள்ளி.
பத்மாசினியின் மகள் வித்தியா அழுதுகொண்டு வந்தாள். அதே பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறவள். எங்கள் கரைத் தோணிகளைப் பற்றி அவள் செய்யவிருந்த விரிவுரையை நிறுத்தி, வகுப்பையும் பறித்துவிட்டார்களாம். மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்ததாம்.
"எந்த மேலிடம்?"
"அது ஒருதருக்கும் தெரியாது மாமா."
தெரியாத இடத்துக்கு இவ்வளவு பயமா! கத்தினேன். பத்மாசினி பிறஷர் குளிசையோடு ஓடி வந்தாள்.

மே 12. திங்கள்.
ஐந்து நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றனவாம். ஓரிடத்தில் ஆசிரியரின் வாயை அடைத்தால், அந்தப் பேச்சை மற்ற எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் திரையில் கேட்பார்களாம். துணைவேந்தருக்கும் எழுதுவார்களாம். ஆனால் வித்தியா தன் ஊரில், ஊராட்கள் முன்னால் நின்று பேச வேண்டும்.
வாசிகசாலை மண்டபம் கேட்டுப் போனேன். "அண்டைக்குப் பெயின்ற் அடிக்கிறம் ஐயா" என்றான் செயலாளர் றஞ்சித்.
எண்டைக்கு எண்டு நான் இன்னும் சொல்லவேயில்லை!

மே 14. புதன்.
எல்லா மண்டபத்துக்கும் பெயின்ற் அடிக்கிறார்கள். ஊரே புதிதாகப் போகிறது.
யோசித்தேன். இருபத்துநான்காம் திகதி அப்பாவின் திவசம். முற்றத்தில் பந்தல், கதிரை, நூறு பேர். திவசத்தை நிறுத்தச் சொல்லி எந்த மேலிடம் தொலைபேசி எடுக்கும்?
வித்தியாவின் முகம் ஒருமாதிரிப் போனது. "நான் என்ன கதைக்கப் போறனெண்டு தெரியுமோ மாமா?"
"என்னெண்டாலும் கதை. ஒருதரும் தடுக்கேலாது."

மே 19. திங்கள்.
தடுக்க வேண்டியிருக்கிறது.
கள்ளக்கடத்தலாம்! அப்பாவாம்! தோணியின் பேரோடு சொல்லப் போகிறாளாம். "அக்கரையிலையிருந்து சீலை கடத்தினவர் எண்டு ஊரிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம் மாமா. எனக்கும் அவர் அம்மப்பாதானே."
அது வாணிபம்! தோணி ஓடினவன் கள்ளனோ, பிறகு வந்து கடலிலை கோடு கீறினவன் கள்ளனோ?
எழுதியதை முதலில் எனக்குக் காட்டு, அந்தப் பகுதியை எடு என்றேன்.
"மேலிடமும் உப்பிடித்தான் கேட்டது" என்றாள்.
நான் — மேலிடமா?
இரவுச் சாப்பாடு வேண்டாமென்றேன். (இடியப்பம் மட்டும்.)

மே 20. செவ்வாய்.
பந்தல் வேண்டாமென்று சொல்லத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது — தொலைபேசி எடுத்து நிறுத்துகிறவன் இப்போது யார்?
வைத்துவிட்டேன்.

மே 24. சனி.
காலையில் கீரிமலையில் முழுக்கு. ஐயர் போனதும் படையலுக்குப் பக்கத்தில் திரையைக் கட்டினோம். மாலை போட்ட அப்பாவின் படத்துக்குக் கீழே நின்று, வித்தியா அவரைக் கடத்தல்காரர் என்றாள். திரையில் ஐந்து நாட்டுப் பேராசிரியர்களும் அவரையே மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் நித்திரை உடுப்போடு.
படலையில் ஒரு புதுமுகம். சப்பாத்து மட்டும் பொலிஸ்.
"என்ன ஐயா கூட்டம்?"
"அப்பான்ரை திவசம். வந்தனீர் சாப்பிடாமல் போகக்கூடாது."
பத்மாசினி அவனை முன்னுக்கு இருத்தி இலை போட்டாள். பாயாசம் இரண்டு தரம் வாங்கினான். கடைசிவரை கேட்டான்.
கேள்வி நேரத்தில் எழுந்து, மறுக்கிறேன் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். நானே படித்த ஆங்கிலம். கால் மணி நேரம் கதைத்தேன். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நானும்தான். நித்திரை உடுப்புக்காரர் கைதட்டினார். யாருக்கென்று தெரியவில்லை.

ஜூன் 11. புதன்.
ஐந்து கடிதங்களும் துணைவேந்தருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டனவாம். றஞ்சித் வந்தான். மண்டபத்தில் பெயின்ற் காய்ந்துவிட்டதாம்.

ஜூலை 18. வெள்ளி.
வித்தியாவுக்கு வகுப்புத் திரும்பக் கிடைத்தது. அடுத்த கருத்தரங்கில் என் மறுப்புரை. அதே பல்கலைக்கழகம்! வாசல் காவலாளியிடம் என் பெயர் இருக்குமாம்.
பின்னேரம் வந்தவள் தேத்தண்ணி முடியும்வரை எதையெதையோ கதைத்தாள். பிறகு மெல்ல, "மாமா, நீங்கள் கதைக்கப் போறதை முதல் எனக்கு ஒருக்கால் காட்டுவியளோ?" என்றாள்.
"காட்டமாட்டன்" என்றேன்.