ஃபியூஸ் பெட்டிக்குள் ஒளிந்த ஃபைல்

மாண்புமிகு எலக்ட்ரீஷியன் வீட்டுக்காரருக்கு,

கரண்ட் வைத்தியம் எனக்கு வேண்டாம்னு ஆஸ்பத்திரி ஃபைலை வாசல் ஃபியூஸ் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சா நான் தொடமாட்டேன்னு கணக்குப் போட்டீங்களாக்கும்! ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு எடுத்துட்டேன்; ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். அதே இடத்துல வீட்டுச் சாவியும் இந்தச் சீட்டும்.

நரம்புல மருந்து ஏத்திட்டு, என் தோள்ல இருக்கிற கட்டியில ஊசி குத்தி, கண்ணிமைக்கிற நேரம் கரண்ட் குடுப்பாங்களாம். செல்லோட கதவு திறந்து மருந்து உள்ள போயிடுமாம். புற்றுக்கட்டியே கதவைத் திறக்குது. மூணு நாளா உங்க வாய்தான் திறக்கல.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். அதுவாவது ஆறும், உங்க கோபம் மாதிரி இல்ல.

பி.கு.: ரெண்டு மணிக்குத்தான் ஆரம்பிப்பாங்க. டெஸ்டரோட வந்து அந்த மிஷினுக்கு எர்த் சரியா இருக்கான்னு பாருங்க. டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், நீங்க பார்த்துச் சொன்னாத்தான் எனக்கு நடுக்கம் நிக்கும்.